சேரன் மகாதேவிக்கு எத்தனை டிக்கெட்?

சேரன்மகாதேவி என்று சேர்த்தும் எழுதுகிறோம், சேரன் மகாதேவி என்று பிரித்தும் எழுதுகிறோம். நெல்லை புது பஸ் ஸ்டாண்டில் ஏறி எப்படிச் சொன்னாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழிப்பார். அதே ஊர்ப் பெயரை, கணினிக்குக் கட்டளையைத் தட்டிக் கொடுக்கும் திரையான டெர்மினலில் இடம்விட்டு எழுதிப் பாருங்கள். சேரனுக்கு ஒன்று, மகாதேவிக்கு ஒன்று என்று இரண்டு கிழித்துக் கையில் கொடுத்துவிடும்.

செய்தே பார்த்துவிடலாம். முதலில் ஒரு விஷயம்: கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எம்கேடிர் என்பது புது ஃபோல்டர் உண்டாக்குவது, எல்எஸ் என்பது இருப்பதைக் காட்டுவது, ஆர்எம் என்பது அழிப்பது. ஃபோல்டர் பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும். இன்றைய கணினிகள் தமிழ்ப் பெயரைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். லினக்ஸையும் அதில் வழக்கமாக இருக்கும் பாஷ் ஷெல்லையும் வைத்துச் சொல்கிறேன். விண்டோஸுக்குக் கடைசியில் வருவோம், அது தனிக் கதை.

எம்கேடிர் சேரன் மகாதேவி

எல்எஸ் போட்டுப் பார்த்தால் சேரன் என்று ஒரு ஃபோல்டர், மகாதேவி என்று இன்னொரு ஃபோல்டர். பிழைச்செய்தி எதுவும் இல்லை. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டு கேட்டீர்கள், இரண்டு தந்தது. இப்போது இப்படி:

எம்கேடிர் "சேரன் மகாதேவி"

ஒரே ஃபோல்டர். ஆனால் எம்கேடிருக்கு இந்த மேற்கோள் குறியைப் பற்றி எதுவும் தெரியாது. அது அந்தக் குறியைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை.

நாம் தட்டும் வரியை முதலில் வாங்கிப் படிப்பது ஷெல். அது வரியை இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும். முதல் துண்டு எந்தப் புரோகிராமை ஓட்டுவது என்று சொல்கிறது. மீதித் துண்டுகள்தான் ஆர்கியுமென்ட்கள். வெட்டிய துண்டுகளை வரிசையாகப் புரோகிராமின் கையில் கொடுத்துவிட்டு ஷெல் ஒதுங்கிக்கொள்ளும். மேற்கோள் குறி என்பது ஷெல்லுக்கு நாம் சொல்லும் சேதி: “இதற்குள் கத்தி வைக்காதே”. வெட்டி முடித்ததும் ஷெல்லே அந்தக் குறிகளை உரித்துப் போட்டுவிடும். டவுனில் அல்வா வாங்கினால் பட்டர் பேப்பரில் சுற்றித் தருகிறார்களே, அந்த மாதிரி. பேப்பர் வழிக்குத்தான், வாய்க்கு இல்லை. வீட்டில் அல்வா சாப்பிடுபவர் பேப்பரைச் சாப்பிடுவதில்லை.

வழியில் எத்தனை பேர் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள் என்ற ஒரு கணக்கு பிடிபட்டால், இந்த விஷயத்தில் வரும் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எனக்கு அது பிடிபடாத காலத்தில் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பங்களை ஒழுங்கு பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது. அம்பை கல்யாணம் பழசு என்று ஒரு ஃபோல்டர், அதை அழித்துவிடச் சொன்னார்கள். உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்க -ஆர் என்ற ஆப்ஷன் வேண்டும். தட்டினேன்:

ஆர்எம் -ஆர் அம்பை கல்யாணம் பழசு

‘அம்பை’ என்று எதுவும் இல்லை என்றது. ‘பழசு’ என்று எதுவும் இல்லை என்றது. பெயரில் எழுத்துப்பிழை போல, ஒன்றும் அழியவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்டுடியோ அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும்.

“ஏன் தம்பி, ரெண்டைத்தான இல்லைங்கு? நீ மூணு வார்த்தைல்லா அடிச்ச?”

கல்யாணம் என்ற பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருந்தது. அந்த மாதம் எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான். ஆர்எம் சொன்னதைச் செய்து முடித்தால் வாயைத் திறக்காது, முடியாவிட்டால்தான் புலம்பும். ஆக, அது சத்தமே போடாத பெயர்தான் போய்விட்ட பெயர். டெர்மினலில் அழித்தால் ரீசைக்கிள் பின்னும் கிடையாது. கேமரா கார்டுகளை இன்னும் ஃபார்மட் பண்ணாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அழிக்க வேண்டிய பழசு மட்டும் சேதாரம் இல்லாமல் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து ஆர்எம் தட்டுவதற்கு முன் அதே ஆர்கியுமென்ட்களை எல்எஸ்-க்குக் கொடுத்துப் பார்க்கிறேன். அதோடு -டி சேர்த்தால் ஃபோல்டருக்குள் நுழையாமல் பெயரை மட்டும் காட்டும். எக்கோவைச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எக்கோ தன் கைக்கு வந்த துண்டுகளை ஒவ்வொரு இடைவெளி விட்டு ஒட்டி அச்சடிக்கும். ஒரு துண்டாக வந்ததா மூன்றாக வந்ததா என்று பார்த்தால் தெரியாது.

எல்எஸ் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயரில் இடைவெளி இருந்தால் லினக்ஸில் அது 'சேரன் மகாதேவி' என்று ஒற்றைக் குறிக்குள் காட்டும். 2016 முதல் இப்படி. பெயரிலேயே அந்தக் குறி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காப்பி பண்ணி அப்படியே ஒட்ட வசதியாக இருக்கட்டும் என்று எல்எஸ் சுற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பொட்டலம் கட்ட மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே அளவுக்குக் காப்பாற்றுவதில்லை. ஒற்றை மேற்கோள் குறிதான் கெட்டி. அதற்குள் என்ன போட்டாலும் ஷெல் தொடாது. இரட்டைக் குறி இடைவெளியைக் காப்பாற்றும், நட்சத்திரத்தையும் & குறியையும் காப்பாற்றும், ஆனால் டாலர் குறி அதற்குள்ளும் உயிரோடுதான் இருக்கும். பேக்ஸ்லாஷ் என்கிற \ தனக்கு அடுத்து வரும் ஒரே ஓர் எழுத்துக்கு மட்டும் காவல்.

டாலர் எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். யாரோ பாஸ்வேர்டாக அல்வா$100 என்று வைத்திருக்கிறார்கள். பாஷில் இப்படித் தட்டுகிறோம்:

எக்கோ "அல்வா$100"

வருவது அல்வா00. டாலரும் ஒன்றும் எங்கே போயின? $1 என்றால் முதல் ஆர்கியுமென்டின் மதிப்பைப் போடு என்று ஷெல்லுக்கு அர்த்தம். இங்கே அப்படி எதுவும் இல்லை, ஆகவே வெறுமையைப் போட்டது. மீதி 00 அப்படியே நின்றது. பாஸ்வேர்டு தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொள்வோமே தவிர, தட்டியது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு என்று தோன்றாது. 'அல்வா$100' என்று ஒற்றைக் குறியில் கட்டினால் முழுசாகப் போய்ச் சேரும். இரட்டைக் குறிதான் வேண்டும் என்றால் "அல்வா\$100" என்று டாலருக்கு முன் ஒரு பேக்ஸ்லாஷ். பாஸ்வேர்டில் ஆச்சரியக்குறி இருந்தாலும் இதே பாடுதான். நேரடியாகத் தட்டும்போது பாஷ் அதைப் பழைய கட்டளையைத் திரும்பக் கூப்பிடும் குறியாக எடுத்துக்கொள்ளும், இரட்டைக் குறிக்குள்ளேயும்கூட. பாஸ்வேர்டு என்றாலே ஒற்றைக் குறி என்று பழக்கிக்கொண்டுவிட்டேன்.

பேக்ஸ்லாஷுக்கு வருவோம்.

எம்கேடிர் சேரன்\ மகாதேவி

இடைவெளிக்கு முன்னால் நிற்கும் பேக்ஸ்லாஷ், “இது வெட்டுமிடம் இல்லை, பெயரில் உள்ள இடைவெளி” என்கிறது. இதை நாம் கையால் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஏற்கனவே உள்ள பெயரில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு டேப் விசையை அமுக்கினால் ஷெல்லே மீதியை எழுதி, வேண்டிய இடத்தில் பேக்ஸ்லாஷும் போட்டுக் கொடுக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டேப் விசையைத்தான். மேற்கோள் விதியெல்லாம் அப்புறம்.

பயத்தில் சிலர் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள்: "சேரன்\ மகாதேவி". இரட்டைக் குறிக்குள் பேக்ஸ்லாஷுக்கு வேலை இருப்பது டாலர், இரட்டைக் குறி, பின்னிழுப்புக் குறி (`), இன்னொரு பேக்ஸ்லாஷ், வரி முடிவு ஆகியவற்றுக்கு முன்னால் மட்டும்தான். இடைவெளிக்கு முன்னால் அது வெறும் எழுத்து. ஆகவே பேக்ஸ்லாஷோடு சேர்ந்த பெயரில் ஒரு ஃபோல்டர் வந்து உட்காரும்.

ஒற்றைக் குறி கெட்டி என்றேன். அந்தக் கெட்டியே ஒரு தொந்தரவு. ஒற்றைக் குறிக்குள் ஒற்றைக் குறியை வைக்க வழியே இல்லை, பேக்ஸ்லாஷ் போட்டாலும் நடக்காது. இப்போது எங்கள் பக்கம் மளிகைக்கடைகூட ‘அண்ணாச்சி'ஸ் கடை’ என்று போர்டு வைக்கிற காலம். அதை ஃபோல்டர் பெயராக வைக்க, எந்தக் கட்டும் இல்லாமல் தட்டிப் பாருங்கள்:

எம்கேடிர் அண்ணாச்சி'ஸ் கடை

என்டர் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. அடுத்த வரியில் > என்று ஒரு குறி வந்து நிற்கும். கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது என்று நினைப்போம். அதெல்லாம் இல்லை. பொட்டலத்தைத் திறந்தாய், மூடவில்லையே என்று ஷெல் காத்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அமுக்கி வெளியே வந்துவிடுங்கள். சுலபமான வழி இரட்டைக் குறிக்குள் எழுதுவது: "அண்ணாச்சி'ஸ் கடை". இன்னொரு வழி பார்க்கப் பயமுறுத்தும்:

எம்கேடிர் 'அண்ணாச்சி'\''ஸ் கடை'

நிதானமாகப் பிரித்தால் சாதாரண விஷயம். 'அண்ணாச்சி' என்று ஒரு பொட்டலம் முடிந்துவிட்டது. அப்புறம் வெளியே \' என்று ஓர் ஒற்றைக் குறி. பிறகு 'ஸ் கடை' என்று அடுத்த பொட்டலம். மூன்றுக்கும் நடுவில் இடைவெளி இல்லாததால் ஷெல் மூன்றையும் ஒட்டி ஒரே ஆர்கியுமென்டாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறி ஆர்கியுமென்டைத் தொடங்குவதும் இல்லை, முடிப்பதும் இல்லை. அதைச் செய்வது இடைவெளிதான்.

வாட்ஸ்அப்பில் யாராவது கட்டளை அனுப்பினால் கொஞ்சம் உஷாராக இருங்கள். போன் கீபோர்டும் வேர்டு மாதிரி மென்பொருளும் நேர்க் குறியை அழகுபடுத்துகிறேன் என்று “ ” என வளைத்துவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஷெல்லுக்கு வளைந்த குறி என்பது க, ங, ச மாதிரி இன்னொரு எழுத்து.

எம்கேடிர் “சேரன் மகாதேவி”

இதைத் தட்டினால் “சேரன் என்றும் மகாதேவி” என்றும் குறி ஒட்டிய இரண்டு ஃபோல்டர்கள் கிடைக்கும். பார்த்தவுடனே காரணம் விளங்கிவிடும் அபூர்வமான தவறு இது.

இடைவெளியை விட வம்பு பிடித்தது நட்சத்திரக் குறி. “இந்த இடத்தில் எது இருந்தாலும் சரி” என்று அதற்கு அர்த்தம். குற்றாலம் போய் எடுத்த படங்களைப் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, தேனருவி என்று வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் தேட *அருவி என்று கொடுத்தால் ஒன்றும் அகப்படாது. புணர்ச்சியில் அ கரைந்துவிட்டதே. ஐந்தருவியில் இருப்பது தருவி. கணினிக்கு இலக்கணம் தெரியாது, ஆகவே *ருவி என்று தேட வேண்டும். சரி, உள் ஃபோல்டர்களிலும் துழாவ ஃபைண்ட் என்ற கட்டளையைக் கூப்பிடுவோம்:

ஃபைண்ட் . -நேம் *ருவி

புரோகிராமைக் கூப்பிடும் முன்பே ஷெல் அந்த நட்சத்திரத்தைத் தானே விரித்துவிடும். நிற்கும் ஃபோல்டரில் பேரருவி மட்டும் இருந்தால், ஃபைண்டின் கைக்குப் போவது பேரருவி என்ற சொல். உள்ளே எங்கோ இருக்கும் ஐந்தருவியை அது தேடவே தேடாது. இரண்டு அருவி இருந்தால் ஆர்கியுமென்ட் கூடிவிட்டது என்று ஃபைண்ட் சண்டைக்கு வரும். ஒன்றுமே இல்லாவிட்டால் பாஷ் *ருவி என்பதை அப்படியே அனுப்பிவிடும், தேடலும் சரியாக நடந்துவிடும். “எங்க வீட்டுல ஓடுச்சே, இங்க ஏன் ஓடல?” என்ற கேள்வி பிறப்பது இந்த இடத்தில்தான். மேக்கில் 2019 முதல் இசட் ஷெல்தான் வழக்கம். அது பொருந்துவது எதுவும் இல்லாவிட்டால் கட்டளையை ஓட்டாமலே நிறுத்திவிடும். '*ருவி' என்று கட்டி அனுப்புங்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும்.

இதே ரகத்தில் & ஒன்று. எம்கேடிர் கணபதி & சன்ஸ் என்று தட்டினால், கணபதி ஃபோல்டர் உருவாகும். அந்தக் குறியோடு ஒரு கட்டளை முடிந்தது என்று ஷெல் எடுத்துக்கொள்வதால், சன்ஸ் என்று ஒரு கட்டளையே கிடையாது என்று வசவும் கிடைக்கும்.

இனி, பொட்டலத்தை ஒருமுறை பிரித்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஊர்ப் பெயரை ஒரு வேரியபிளில், அதாவது ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெயரிட்ட டப்பாவில், வைக்கிறோம். வேரியபிள் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், ஊர் என்பதையும் உச்சரிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்='சேரன் மகாதேவி'
எம்கேடிர் $ஊர்

மறுபடியும் இரண்டு ஃபோல்டர்கள்! முதல் வரியில் ஒழுங்காகக் கட்டினோமே என்று கோபம் வரும். அந்தப் பேப்பரை முதல் வரியிலேயே உரித்துப் போட்டாயிற்று. வேரியபிளுக்குள் இருப்பது வெறும் அல்வா. இரண்டாவது வரியில் $ஊர் விரிந்ததும் பாஷ் அதை மறுபடியும் வெட்டுகிறது. "$ஊர்" என்று அந்த இடத்தில் கட்ட வேண்டும். மதிப்புக்குள்ளேயே இரட்டைக் குறியைச் சேர்த்து வைத்தால் நடக்குமா என்று நானும் முயன்றேன். நடக்காது. விரித்த பிறகு உள்ளே கிடைக்கும் குறிகளை ஷெல் குறியாக மதிப்பதில்லை. குறி ஒட்டிய இரண்டு துண்டுகள்தான் வரும். இசட் ஷெல் இந்த இடத்தில் வெட்டுவதில்லை. அங்கே எழுதிப் பழகியவர்கள் பாஷுக்கு வந்து அடிவாங்குவது இதனால்தான்.

சென்னைக்குப் பார்சல் அனுப்புகிற மாதிரி தூரத்துக் கணினிக்கு எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளை அனுப்பும்போது பிரிப்பவர் இரண்டு பேர். இங்குள்ள ஷெல் ஒருமுறை பிரிக்கும். எஸ்எஸ்எச் துண்டுகளை இடைவெளி விட்டு ஒட்டி ஒரே சரமாக அனுப்பும். அங்குள்ள ஷெல் மறுபடி வெட்டும். ஆகவே எஸ்எஸ்எச் சர்வர் எம்கேடிர் "சேரன் மகாதேவி" என்றால் அங்கே இரண்டு ஃபோல்டர் முளைக்கும். இரண்டு பேர் பிரித்தால் இரண்டு சுற்று வேண்டும்:

எஸ்எஸ்எச் சர்வர் 'எம்கேடிர் "சேரன் மகாதேவி"'

வெளிச்சுற்றை இங்குள்ள ஷெல் எடுத்துக்கொள்ளும், உள்சுற்று அங்கு போய்ச் சேரும்.

கட்டுவதால் ஒரு பயனும் இல்லாத இடமும் உண்டு. -பழசு என்று கோடு போட்டுத் தொடங்கும் ஒரு கோப்பை அழிக்க ஆர்எம் "-பழசு" என்று கொடுத்தால், அப்படி ஓர் ஆப்ஷன் எனக்குத் தெரியாது என்று ஆர்எம் சொல்லும். குறியை ஷெல் உரித்துவிட்டதே. ஆர்எம் பார்ப்பது கோட்டில் தொடங்கும் ஒரு சொல்லை, கோட்டில் தொடங்கினால் அதற்கு ஆப்ஷன்தான். இங்கே வெட்டும் சிக்கலே இல்லை, புரிந்துகொள்ளும் சிக்கல். ./-பழசு என்று முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால் முதல் எழுத்து கோடாக இருக்காது, தீர்ந்தது.

விண்டோஸில் ஏற்பாடே வேறு. யூனிக்ஸ் வழியில் வந்தவற்றில் புரோகிராமின் கைக்குத் துண்டுகள் வெட்டியே வரும். விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாகப் போய்ச் சேரும், அதை வெட்டிக்கொள்வது அந்தந்தப் புரோகிராமின் பாடு. பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டின் சி நூலகம் வெட்டும் முறையைப் பின்பற்றுகின்றன, எல்லாமே அல்ல.

கறுப்புத் திரையான சிஎம்டியில் ஒற்றைக் குறிக்கு மரியாதை இல்லை. எம்டி 'சேரன் மகாதேவி' என்றால் குறியோடு சேர்ந்த இரண்டு ஃபோல்டர்கள்தான் வரும், இரட்டைக் குறி மட்டுமே செல்லும். காவல் எழுத்தாகப் பேக்ஸ்லாஷுக்குப் பதில் ^ என்ற கூரைக் குறி. பேக்ஸ்லாஷ் அங்கே ஃபோல்டர்களைப் பிரிக்கும் கோடாக ஏற்கனவே வேலையில் இருக்கிறது. பவர்ஷெல் இவற்றில் எதுவும் இல்லாமல் பின்னிழுப்புக் குறியைக் காவலுக்கு வைத்துக்கொண்டது. அதில் ஒற்றைக் குறி செல்லும், உள்ளே ஓர் ஒற்றைக் குறி வேண்டுமானால் இரண்டாகப் போட்டால் போதும்: 'அண்ணாச்சி''ஸ் கடை'. பாஷின் அந்தப் பயமுறுத்தும் வரியைவிட இது எவ்வளவோ மேல்.

விண்டோஸில் எனக்குத் தெரிந்து அதிகம் பேரை விழவைப்பது பாதையின் கடைசியில் தொங்கும் ஒரு பேக்ஸ்லாஷ். ஸ்டுடியோவில் இப்போது இருப்பது விண்டோஸ் கணினிதான். மாதாமாதம் ரோபோகாப்பி வைத்து நகலெடுக்கிறோம்:

ரோபோகாப்பி "டி:\கல்யாண ஆல்பம்\" "இ:\நகல்"

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன முறைப்படி வெட்டும் புரோகிராமுக்கு \" என்பது சாதாரண எழுத்தாகிவிட்ட ஒரு குறி. பொட்டலம் அங்கே மூடவில்லை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த பாதையையும் முதல் பெயருக்குள் இழுத்துவிடும். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டும் ஒட்டி ஒரு விநோதமான பாதையாகி, அப்படி ஓர் இடமே இல்லை என்று பிழை வரும். அந்தக் கடைசிப் பேக்ஸ்லாஷை எடுத்துவிட்டு "டி:\கல்யாண ஆல்பம்" என்று முடித்தால் சரியாகிவிடும். டிரைவின் வேரையே கொடுக்க வேண்டியிருந்து, எடுக்க முடியாதபோது "இ:\\" என்று இரட்டிப்பாக்க வேண்டும்.